‘அடுத்த பயிற்சி’ பட்டனுக்குக் கீழே

மார்ச் 4

அன்புள்ள வாலு,

இந்த வயதிலும் உன்னை வாலு என்று கூப்பிடுகிற உரிமையை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. உன் ஆபீசில் யாரும் எட்டிப் பார்த்துவிடாமல் படி.

போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் போன் மணி அடித்தால் போதும், உங்கண்ணன் காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றுவிடுகிறார். நீ “அண்ணா” என்றதும் வாயெடுக்கிறார், வார்த்தை தொண்டையோடு நின்றுபோகிறது. அப்புறம் அன்று முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கவாதம் கையையும் காலையும் பிடித்ததைவிட நாக்கைப் பிடித்ததுதான் அவருக்குப் பெரிய வலி. அதனால் இனிமேல் நமக்குள் மெயிலில் எழுத்துதான்.

விஷயம் இது. கை விளங்காமல் போனவர்களுக்காக நான் பயிற்சிகளை எழுத, நீ அங்கிருந்து கட்டிக்கொடுத்தாயே நம் இணையதளம், அதற்கு நேற்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். “அம்மா, நீங்கள் பரிந்துரைத்த காந்தக் கைப்பட்டையை வாங்கிவிட்டேன். மிக்க நன்றி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷ பிசியோதெரபி வேலையில், ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டுவதைத் தவிர வேறெதற்கும் நான் காந்தத்தைப் பரிந்துரைத்ததில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பயிற்சிக்கும் கீழே ஒரு பெட்டி. பெட்டிக்குத் தலைப்பு, ‘எங்கள் பரிந்துரைகள்’. உள்ளே அந்தப் பட்டையின் படம். அதை ஒட்டினாற்போல், அதே அளவில், நான் வரைந்த கைப்படம். என் கைக்குத்தான் அந்தப் பட்டையைக் கட்டியிருக்கிறார்கள் என்று நானே நம்பியிருப்பேன்.

சர்வர் வாடகையைத் தளமே சம்பாதித்துக்கொள்ளட்டும், விளம்பரம் போடலாம் என்று நீ சொன்னபோது தலையாட்டினேன். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தத் தலைப்பு யார் வைத்தது?

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குச் சாக்ஸ் போடாமல் திரியாதே.

அண்ணி

*

மார்ச் 7

அன்புள்ள அண்ணி,

சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இரண்டும் வேறு வேறு நிறம் என்பதை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தலைப்பு வைத்தது அடியேன்தான். ‘விளம்பரங்கள்’ என்று எழுதினால் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்கள் அண்ணி. ‘எங்கள் பரிந்துரைகள்’ என்றால் ஒரு நொடி நிற்பார்கள். நின்றால்தான் அமுக்குவார்கள். பெட்டியை ‘அடுத்த பயிற்சி’ பட்டனுக்குக் கீழே வைத்ததும் யோசித்துத்தான். வாசலில் கடை போட்டால்தானே வியாபாரம்!

விளம்பரம் தருகிற கம்பெனிக்கு விதிகள் உண்டுதான். ‘விளம்பரங்கள்’, இல்லாவிட்டால் ‘விளம்பரதாரர் இணைப்புகள்’, இந்த இரண்டைத் தவிர வேறு தலைப்பு கூடாது என்று எங்கேயோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் கடல் மாதிரி தளங்கள் கிடக்க, நம் வீட்டுத் தளத்தை யார் வந்து துருவப் போகிறார்கள்? எங்கள் ஆபீசில் எல்லா வாடிக்கையாளர் பக்கமும் இப்படித்தான். எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயரே ‘பாத்துக்கலாம்’. எதைக் கேட்டாலும் அந்த மனிதர் அதைத்தான் சொல்வார்.

தளத்தை இலவசமாக வைத்திருந்த சர்வரிலிருந்து நம்மைக் கிளப்பிவிட்டார்கள். தளம் உயிரோடு இருந்தால்தானே உங்கள் பயிற்சி நாலு பேருக்குப் போகும்? யாரோ ஒருவர் ஒரு பட்டை வாங்கிவிட்டார், அவ்வளவுதானே. காந்தம் கடிக்கவா போகிறது?

நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய பக்கத்தை ஒரு வார்த்தை பாராட்டியிருக்கலாம். போகட்டும். அண்ணன் எப்படி இருக்கிறார்? இடது கையால் ஷேவ் செய்துகொள்கிறாரா, இல்லை நீங்கள்தான் இன்னும் மகாராஜாவுக்குச் சேவகமா?

உங்கள் வாலு

*

மார்ச் 15

வாலு,

காந்தம் கடித்துவிட்டது.

அந்த வாசகர் யாரென்று தெரிந்துவிட்டது. என்னிடமே வந்துகொண்டிருந்தவர்தான். பஸ் கண்டக்டராக இருந்தவர், ஆஸ்பத்திரியில் எல்லோரும் கண்டக்டர் என்றே கூப்பிடுவோம். வாதம் வந்து மடங்கிப்போன அவர் விரல்களை மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தோம். பிறகு வீட்டிலிருந்தே செய்யட்டும் என்று நம் தளத்தைக் காட்டி அனுப்பினேன். இன்று சிரித்துக்கொண்டே என் அறைக்கு வந்தார். கையில் கறுப்புப் பட்டை. பட்டைக்குக் கீழே விரல்கள் மறுபடியும் முஷ்டியாக மூடிக் கிடக்கின்றன.

“பயிற்சி செய்யறீங்களா?” என்றேன்.

“அதான் நீங்க சொன்ன பட்டை இருக்கேம்மா. இருபத்தி நாலு மணி நேரமும் அதுவே வேலை பாக்கும்னு போட்டிருந்துச்சு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பயிற்சிய விட்டுட்டேன்.”

“நான் சொல்லலையேங்க.”

“உங்க பக்கத்துலதானம்மா இருந்துச்சு? பரிந்துரைன்னு உங்க பேர்லதான போட்டிருந்தீங்க?”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு வலிக்கும் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். உங்கண்ணன் தினமும் தானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வலது கையால்தான் மவுஸ் பிடிப்பேன் என்று பிடிவாதமாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். போன வாரம் ‘அடுத்த பயிற்சி’யை அமுக்கப் போன கை கீழே நழுவிவிட்டது. திரை முழுக்க ஏதோ கடை திறந்து, யாரோ ஒருவன் கத்திக் கத்திப் பொருள் விற்கிறான். அதை மூடத் தெரியாமல் அவர் திணறியதை அடுப்படியிலிருந்து பார்த்தேன். தன்னால்தான் எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார். மவுஸைத் தள்ளிவிட்டு எழுந்தவர்தான், இன்னும் அந்த நாற்காலி பக்கம் போகவில்லை.

கிரேன் கைப்பிடியில் இம்மி பிசகாத கை, வாலு. கப்பலிலிருந்து முட்டையை இறக்கச் சொன்னாலும் இறக்குவார் என்று துறைமுகத்தில் பேச்சு.

வாசலில் கடை போட்டால்தான் வியாபாரம் என்று எழுதியிருந்தாய். தட்டுத் தடுமாறி நடந்து வருகிறவன் வாசலில் நீ வாழைப்பழத் தோலைப் போட்டு வைத்திருக்கிறாய். எடுத்துவிடு. தலைப்பை, பெட்டியை, எல்லாவற்றையும்.

அண்ணி

*

மார்ச் 17

அண்ணிக்கு,

எடுத்துவிட்டேன்.

ஆபீஸ் முடிந்து வந்து, ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து நான் கட்டியது அந்தப் பக்கம். அண்ணன் கை எழுந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் கட்டினேன், கடை வைத்துப் பிழைக்க இல்லை. அவருக்கு ஒன்றென்றால் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு மட்டும்தான் வலிக்குமா? தூரத்தில் இருப்பவளுக்கு நெஞ்சில் கல்லா இருக்கிறது?

தளத்துக்குள் போகிற சாவி, கடவுச்சொல், எல்லாம் இதோடு அனுப்பியிருக்கிறேன். இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு என்று கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

*

ஏப்ரல் 2

என் செல்ல வாலுவுக்கு,

பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்ட லட்சணத்தை நீயே போய்ப் பார். கட்டைவிரல் பயிற்சி தலைகீழாக நிற்கிறது. முழங்கைப் பயிற்சியைக் காணவில்லை. ‘அடுத்த பயிற்சி’ பட்டன் பத்து இடத்தில் முளைத்து, எதை அமுக்கினாலும் முதல் பயிற்சிக்கே கூட்டிக்கொண்டு போகிறது. குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அந்தக் குரங்கு கொஞ்சம் நாசூக்காகப் பிய்த்திருக்கும்.

இதற்கு நடுவில் விளம்பரக் கம்பெனியிலிருந்து ஒரு நோட்டீஸ். நீ பெட்டியை எடுப்பதற்கு முன்பே அவர்கள் பார்த்துவிட்டார்களாம். தலைப்பு படிப்பவரைக் குழப்புகிறது, பெட்டி பட்டனை ஒட்டி இருக்கிறது, படங்கள் விளம்பரத்தோடு கலந்து தெரிகின்றன, ஆகவே விளம்பரங்களை நிறுத்தி வைக்கிறோம், சரிசெய்துவிட்டு மறுபரிசீலனைக்கு எழுதுங்கள் என்று கண்டிருந்தது. யாரும் வந்து துருவ மாட்டார்கள் என்றாயே! சரி, குத்திக்காட்டவில்லை.

அவர்களுடைய விதிகளை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். ஏதோ வக்கீல் பாஷையில் பயமுறுத்துவார்கள் என்று நினைத்தேன். இருந்தது இவ்வளவுதான்: விளம்பரத்தை விளம்பரம் என்று சொல், தவறிக் கை படுகிற இடத்தில் வைக்காதே, அமுக்கச் சொல்லிக் கெஞ்சாதே, உன் விளம்பரத்தை நீயே அமுக்காதே. கடைசி விதியைப் படித்ததும் எனக்குப் பக்கென்றது. போன மாதம் என் அம்மா ஊரிலிருந்து பெருமையாகச் சொல்லியிருந்தாள்: “உன் பக்கத்துல இருக்கிற எல்லா விளம்பரத்தையும் அமுக்கிட்டுத்தாண்டி நான் காலையில காபியே குடிப்பேன். உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு.” உடனே போன் போட்டு, விளம்பரம் திரும்ப வந்தாலும் அமுக்கக் கூடாது என்றேன். கோபித்துக்கொண்டிருக்கிறாள். நம் குடும்பத்தில் இப்போது கோபம்தான் மலிவு.

உங்கண்ணனிடம் நம் சண்டையைச் சொல்லிவிட்டேன். நீ எழுதியதையும் நான் எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். வாழைப்பழத் தோல் வந்த இடத்தில் என் காதைப் பிடித்தார். இடது கையால், வலிக்கிற மாதிரியே திருகினார். அப்புறம் சுவரில் இருக்கிற உன் போட்டோவைக் காட்டி, ஒரு விரலை நீட்டி என்னை மிரட்டினார். இத்தனை நாளில் அவர் என்னோடு போட்ட முதல் சண்டை உனக்காகத்தான்.

ஆகவே அந்தத் தோலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ எதற்காகக் கட்டினாய் என்று தெரியாதவளா நான்?

விளம்பரமே வேண்டாம் என்று வீறாப்புப் பேச எனக்கு வக்கில்லை. சர்வர்காரர் கதவைத் தட்டுகிறார். யாரையும் ஏமாற்றாமல், யார் காலையும் வாராமல் அந்தப் பெட்டியை எங்கே வைக்கலாம்? சொல்லேன்.

காது சிவந்த அண்ணி

*

ஏப்ரல் 5

அன்புள்ள காது சிவந்த அண்ணிக்கு,

பஸ்ஸில் வைத்துப் படித்தேன். சிரித்தேன், அப்புறம் கண்ணைத் துடைத்தேன், பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள். காதைத் திருகிய கை நூறு வருஷம் வாழட்டும்.

குரங்கு பிய்த்த மாலையை மறுபடி கட்டிவிட்டேன். முழங்கை கிடைத்துவிட்டது, குப்பைத்தொட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

தலைப்பு ‘விளம்பரங்கள்’. அதற்கு மேல் ஒரு எழுத்துக்கூட இல்லை. உங்கள் கைப்படம் எதுவும் அதன் பக்கத்தில் வராது. இந்த இரண்டும் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் பெட்டியை எவ்வளவு தூரம் தள்ளி வைப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். திரையில் நான் அளவு பார்க்கிற கை நடுங்காத கை. இவ்வளவு இடைவெளி போதும் என்று எனக்குத் தோன்றினால் அது என் கைக்குத்தான் போதும்.

அதனால் உங்களிடம் ஒரு வேலை. நடுங்குகிற கைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பெட்டி இருக்கிற இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம் மட்டும் போட்டிருக்கிறேன், தவறி அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. கை எந்தப் பக்கம் நழுவுகிறது, எவ்வளவு நழுவுகிறது என்று பார்த்து எழுதுங்கள். கண்டக்டர் வருவாரா? வந்தால், அந்தத் தலைப்பை வைத்தது நீங்கள் இல்லை, உங்கள் நாத்தனார் என்று சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தால் என் முகவரியைக் கொடுங்கள்.

வாலு

*

ஏப்ரல் 19

வாலு,

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் உன் சோதனை நடந்தது. மூன்று பேர் வந்தார்கள். உங்கண்ணன், கண்டக்டர், போன வருஷம் வாதம் வந்த பாட்டு டீச்சர். டீச்சருக்குப் பேச வராது, ஆனால் பாட்டு மட்டும் பிசிறில்லாமல் வரும். ஒவ்வொரு முறை கை நழுவும்போதும் ஒரு ஸ்வரத்தில் இறங்கிக் காட்டினார். அறையே சிரித்தது.

உங்கண்ணன் முதலில் நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்றார். கண்டக்டர்தான் தோளைத் தட்டினார். “உக்காருங்க சார். ரைட் ரைட், வண்டி கிளம்பட்டும்.” அந்த ‘ரைட்’ சத்தத்துக்கு இவர் கை தானாக மவுஸ் மேல் போனது.

பார்த்தது இதுதான். மூன்று கையும் நழுவுவது கீழ்ப்பக்கம்தான், கொஞ்சம் வலதாக. மேல்பக்கமோ இடப்பக்கமோ யாருக்கும் போகவில்லை. களைப்பு ஏற ஏற இன்னும் கீழே சரிகிறது. நீ முதலில் வைத்திருந்த இடம் மூன்று கைக்கும் நேர் பள்ளம். பட்டன் இருக்கிற பக்கத்தில் எங்கே வைக்கவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. எல்லாப் பயிற்சியும் முடிந்து, ‘நன்று, இன்றைக்குப் போதும்’ என்று வருகிறதே, அந்தக் கடைசிப் பக்கத்தில் வை. அங்கே அமுக்குவதற்கு வேறெதுவும் கிடையாது. விரும்புகிறவர்கள் பார்க்கட்டும்.

கண்டக்டரிடம் உன் செய்தியைச் சொன்னேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: “திட்ட என்னம்மா இருக்கு. எங்க பஸ் முதுகுல கூடத்தான் என்னென்னமோ ஒட்டியிருப்பாங்க. சோப்பு, சிமெண்டு, முடி வளர்ற எண்ணெய். எண்ணெய்ய நம்பி யாராச்சும் என்கிட்ட வந்து முடி எங்கய்யான்னு கேட்டாங்களா? அது விளம்பரம்னு பாக்குறவனுக்குத் தெரியும். இது யார் பேச்சுன்னு தெரிஞ்சா போதும்மா. உங்க பேச்சா, கடைக்காரன் பேச்சா. தெரிஞ்சுட்டா நான் பாத்துக்குவேன்.”

அவர் மறுபடியும் பயிற்சி ஆரம்பித்துவிட்டார். ஆட்காட்டி விரல் கொஞ்சம் பிரிகிறது. மற்றவை இன்னும் முரண்டு பிடிக்கின்றன. இழந்ததைப் பிடிக்க எவ்வளவு நாளாகும் என்று தெரியவில்லை. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

உங்கண்ணன் கடைசிப் பக்கம் வரை போனார். முடிந்ததும் கையை மவுஸிலிருந்து மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேலை முடித்துக் கிரேனிலிருந்து இறங்குகிற முகம். ரொம்ப நாளாயிற்று, அந்த முகத்தைப் பார்த்து.

அண்ணி

*

மே 6

அன்புள்ள அண்ணி,

முதலில் நல்ல சேதி. கம்பெனி நம் பக்கங்களைத் திரும்பப் பார்த்து விளம்பரங்களை விடுவித்துவிட்டது. முன்பு அமுக்கியவர்களில் பாதிப் பேர்கூட இப்போது அமுக்குவதில்லை. ஆனால் கடைசிப் பக்கம் வரை போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். சின்ன சர்வருக்கு மாறிக்கொள்வோம், தளம் ஓடிவிடும்.

அடுத்தது, நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியாத சேதி.

எங்கள் ஆபீசுக்குப் புதிதாக ஒரு தளம் வந்தது. குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்யலாம் என்று தாய்மார்கள் தேடிப் படிக்கிற பக்கம். விளம்பரப் பெட்டிக்கு மேலே ‘டாக்டர் சொல்வது’ என்று தலைப்புப் போடச் சொன்னார்கள். என் கை கீபோர்டில் ஓடவில்லை அண்ணி. எழுந்து ‘பாத்துக்கலாம்’ அறைக்குப் போனேன்.

“சார், இதுக்கு ‘விளம்பரங்கள்’னு போடறேன்.”

“எல்லாரும் செய்யறதுதானேம்மா? புகார் வந்தா பாத்துக்கலாம்.”

“வந்துடுச்சு சார். எங்க வீட்டுக்கே வந்துடுச்சு.”

கண்டக்டரைப் பற்றிச் சொன்னேன். அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து மேஜையில் வைத்தார். பிறகு சொன்னார்: “சரி. அந்தப் பக்கம் உன் இஷ்டப்படி போட்டுக்கோ. பழசை எல்லாம் தோண்டாதே.”

அவ்வளவுதான் கிடைத்தது. ஒரே ஒரு தளம். எங்கள் குழுவுக்கு இந்த மாதம் என்னைத் தலைவியாகப் போடுவதாக இருந்தார்கள். இன்று அது பக்கத்து மேஜைக்காரருக்குப் போய்விட்டது. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றவர்கள் கை கொடுத்துக்கொண்டிருந்தபோது நானும் போய்க் கை கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே படுத்துவிட்டேன். இப்போதுதான் எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வருத்தமெல்லாம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

வாலு

*

மே 7

என் கண்ணு வாலு,

சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் சொல்லுவேன்?

காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாக வாசித்தேன். காய்ச்சல் பக்கம் வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க வீட்டுக்கே வந்துடுச்சு” என்று நீ சொன்ன இடத்தில், திரும்ப வாசி என்று கை காட்டினார். வாசித்தேன். பதவி போன இடத்தில் என் மடியில் இருந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். நான் முடித்த பிறகும் விடவில்லை.

எனக்கு உன்னை நினைத்துப் பெருமை. அதை நீட்டி எழுதினால் உனக்குத் தலைகால் புரியாது, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன். லீவு கிடைத்தால் வந்து நாலு நாள் எங்களோடு இரு.

இதற்கு மேல் எழுத நினைத்ததெல்லாம் மறந்துவிட்டது, வாலு. ஒன்று நடந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

உனக்கே தெரியும், வாதம் வந்ததிலிருந்து அவர் தானாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள் சொல்லிக்கொடுப்பதைத் திருப்பிச் சொல்வார். ‘தண்ணி’ என்றால் ‘தண்ணி’. ‘கதவு’ என்றால் ‘கதவு’. அவராக ஒன்றைக் கேட்டதில்லை.

கடிதத்தை வாசித்து முடித்துவிட்டு, “பதில் எழுதப் போறேன். உங்க தங்கச்சிக்கு என்ன சொல்லட்டும்?” என்றேன். சும்மாதான் கேட்டேன். பதில் வரும் என்று கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்தார், மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. பயந்துபோய், “பரவாயில்லங்க, அப்புறம் சொல்லலாம்” என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி முயன்றார். அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு எழுத்தாக, கையால் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி, உங்கண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“சாப்... பிட்... டாளா?”